சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு நகரமைப்புத் துறைக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். உங்கள் கேள்வியைப் படித்தால் உங்களுக்கு ஆசை இருப்பது தெரிகிறது. வீட்டில்தான் "அதில் என்ன எதிர்காலம், கட்டுமானத்திலேயே இரு" என்கிறார்கள். நானும் சிவில்தான், எனக்கும் இதே பேச்சுதான் கிடைத்தது. அதனால்தான் ஏற்கெனவே நல்ல பதில்கள் இருந்தும் எழுதுகிறேன்.

"ஆர்க்கிடெக்சர் படிக்கவில்லையே, அழகாக வரையத் தெரியாதே" என்று தயங்கியிருக்கிறீர்கள். இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் பலர் ஆர்க்கிடெக்டுகளே இல்லை. 1898-இல் தோட்ட நகரம் (சுற்றிலும் வயலும் பசுமையும் விட்டு அளவாகக் கட்டும் ஊர்) என்ற யோசனையை முன்வைத்த எபனேசர் ஹோவர்ட், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். "முதலில் சர்வே, பிறகுதான் பிளான்" என்று வலியுறுத்திய பேட்ரிக் கெடஸ் தாவரவியல் பேராசிரியர். பார்சிலோனாவின் விரிவாக்கத் திட்டத்தை 1859-இல் தந்த இல்டெஃபோன்ஸ் செர்தா உங்களைப் போல சிவில் இன்ஜினியர். சதுரம் சதுரமாக அவர் போட்ட தெருக்களை எல்லோரும் பாராட்டுகிறார்கள். அதற்கு முன் அந்த ஊர்த் தொழிலாளர்களின் கூலி, வாடகை, வீட்டின் நெருக்கடி எல்லாவற்றையும் உட்கார்ந்து கணக்கெடுத்தவர் அவர் என்பது பலருக்குத் தெரியாது. (ஆர்க்கிடெக்ட் நண்பர்கள் கோபிக்க வேண்டாம். உங்கள் பங்கு பெரிது. சிவில்காரருக்கும் இடம் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.)

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன், வேலை எப்படிப்பட்டது என்று புரியும். ஒரு ஊருக்கு மாஸ்டர் பிளான், அதாவது ஊர் எங்கே எப்படி வளர வேண்டும் என்ற திட்டம் தயாரிக்கும் தனியார் நிறுவனத்தில் இருந்தேன். சாட்டிலைட் படத்தை வைத்து நிலப் பயன்பாட்டு வரைபடம் போட்டிருந்தார்கள். அதை நேரில் போய்ச் சரிபார்ப்பது என் வேலை. ஊரின் ஓரத்தில் ஒரு பெரிய துண்டு "காலி நிலம்" என்று குறிக்கப்பட்டிருந்தது. புதிய குடியிருப்புப் பகுதி அங்கேதான் வருவதாகத் திட்டம்.

போய்ப் பார்த்தால் காலில் வெடித்த களிமண், ஆங்காங்கே காய்ந்த கோரை. பக்கத்துக் குடோன் காவலாளி என் கையிலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, சுவரில் மங்கலாகத் தெரிந்த ஒரு பழுப்புக் கோட்டைக் காட்டினார். "மழை வந்தா அந்தக் கோடு வரைக்கும் தண்ணி நிக்கும் தம்பி." சாட்டிலைட் படம் எடுத்த தேதியைப் பார்த்தேன், நல்ல கோடைக்காலம்.

ஒரு சுவரை வைத்து எதுவும் நிரூபிக்க முடியாது. அதனால் சுற்றிலும் இருந்த சுவர்களிலும் கம்பங்களிலும் கறை தேடினேன். ஓரிடத்தில் முழங்கால் உயரம், இன்னோரிடத்தில் இடுப்பு உயரம். டேப் வைத்து அளந்து, அந்தந்த இடத்துத் தரை மட்டத்தோடு கூட்டிப் பார்த்தால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மட்டம். தேங்கி நின்ற தண்ணீரின் மேற்பரப்பு அது. அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தது நீங்கள் படிக்கும் அதே சிவில் படிப்பு, நில மட்டங்களை அளக்கும் லெவலிங் பாடம்.

படங்களோடு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி படித்துவிட்டு, குடியிருப்புக்கென முன்பே பேசி முடித்த இடம் என்று ஓரமாக வைத்துவிட்டார். நான் விடவில்லை. வரைவுத் திட்டம் பற்றிப் பொதுமக்கள் மறுப்புச் சொல்லும் ஆட்சேபணைக் கூட்டம் வரும் வரை அதே குறிப்பை ஒவ்வொரு ஆய்வுக் கூட்டத்திலும் மேசையில் வைத்தேன். கூட்டத்தில் அக்கம்பக்கத்து மக்களும் அதையே சொன்னதும்தான் அது கோப்பில் ஏறியது. இறுதித் திட்டத்தில் பள்ளமான பாதி கட்டடம் கூடாத பகுதியானது, மீதிப் பாதிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. முழுவதும் காப்பாற்ற முடியவில்லையே என்ற வருத்தம் இன்றும் உண்டு. ஆனால் அந்தப் பாதியில் யாரும் வீடு கட்டித் தண்ணீரில் நிற்கவில்லை என்பதில் எனக்குப் பெருமை.

எல்லா நிறுவனமும் இப்படி என்று சொல்ல வரவில்லை. களப்பணியை மதித்த மேலதிகாரிகளிடமும் பிறகு வேலை செய்திருக்கிறேன். அரசியல் அழுத்தம் பற்றி நான் எழுதவில்லை என்று யாராவது கேட்கலாம். இருக்கிறது, நிறைய இருக்கிறது. அளவும் ஆதாரமும் கையில் இருந்தால் அதற்கு நடுவிலும் கொஞ்சம் நகர்த்த முடியும் என்பது என் அனுபவம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. வெயிலில் வீடு வீடாக அலைந்து சர்வே எடுத்த பிள்ளைகளின் பெயர் எந்த அறிக்கையிலும் வருவதில்லை. பளபளப்பான அட்டை, முன்னுரை, பெரியவர்கள் புகைப்படம் எல்லாம் இருக்கும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு எண்ணையும் கொண்டுவந்தவருக்கு ஒரு வரி நன்றி கூட இருக்காது. ஒரு பக்கம் கூடுதலாக அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? நீங்கள் பெரிய பொறுப்புக்கு வந்தால் தயவுசெய்து அந்தப் பக்கத்தைச் சேர்த்துவிடுங்கள்.

சம்பளம்: ஆரம்பத்தில் மென்பொருள் துறைக்குப் போன உங்கள் நண்பர்களைவிடக் குறைவாகத்தான் இருக்கும், வீட்டில் மறைக்காமல் சொல்லுங்கள். அரசு வேலை என்றால் நிலையானது, ஆனால் இடங்கள் கொஞ்சம். ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத்தோடு தகவல்களைச் சேர்த்து அலசும் மென்பொருள்) இப்போதே பழகுங்கள், முதல் வேலை பெரும்பாலும் அதை வைத்துத்தான் கிடைக்கும். நன்றாக எழுதவும் பழகுங்கள். இந்தத் துறையில் வரைவதைவிட எழுதுவது அதிகம்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் உங்கள் பகுதியில் ஒரு ஆட்சேபணைக் கூட்டம் நடந்தால் போய்க் கடைசி வரை உட்காருங்கள். கத்துவார்கள், ஒரே விஷயத்தைப் பத்துப் பேர் சொல்வார்கள். பத்தாவது ஆள் பேசும்போதும் நீங்கள் குறிப்பெடுத்துக் கொண்டிருந்தால், வீட்டில் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டு விண்ணப்பியுங்கள்.