கடல் பக்கத்திலேயே இருக்க, பங்கலான் கால்வாயில் படகு விடுவது ஏன்?

மடகாஸ்கரின் கிழக்குக் கரையை ஒட்டி, துவாமசினா துறைமுகத்திலிருந்து தெற்கே 600 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் உள்நாட்டு நீர்வழிதான் பங்கலான். பல இடங்களில் கடலுக்கும் அதற்கும் நடுவே வெறும் மணல் திட்டுதான்.

அப்புறம் ஏன் கடலிலேயே போகக் கூடாது? அந்தக் கரை கிட்டத்தட்ட நேர்கோடு. படகு ஒதுங்க இடம் குறைவு. இந்தியப் பெருங்கடலின் அலை நேராக வந்து மோதும், ஆற்று முகத்துவாரங்களை மணல் அடைக்கும். லாரிகள் பறக்கும் மெயின் ரோட்டை விட்டு சைக்கிள்காரர் சர்வீஸ் ரோட்டில் போவதைப் போல, சின்னப் படகுகள் கால்வாய்க்குள் வந்துவிடுகின்றன.

பயணம் மெதுவானது, அதுதான் அதன் சுகமும். மரத்தைக் குடைந்த ஓடங்களும் சரக்குப் படகுகளும் எதிர்ப்படும். கிராமங்களில் விசிறிவாழை ஓலை வேய்ந்த வீடுகள். ஆகாயத்தாமரையும் வண்டலும் சில பகுதிகளை அடைத்திருப்பதால் முழு நீளத்தையும் ஒரே மூச்சில் கடக்கத் திட்டமிட வேண்டாம்.

இது முழுக்க மனிதர் வெட்டியது என்று நினைப்பவர்கள் உண்டு. ஏரிகளும் காயல்களும் ஆறுகளும் ஏற்கெனவே இருந்தவை, 1896-க்குப் பிறகு பிரெஞ்சு ஆட்சியில் இடையிலிருந்த நிலத்தை வெட்டி அவற்றை இணைத்தார்கள்.