உட்கார்ந்தால் 126, எழுந்தால்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 66. நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். காலையில் பி.பி.க்கு டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5, குளோர்தாலிடோன் 12.5, ரத்தம் கட்டியாகாமல் இருக்க குளோபிடோக்ரெல், இரவில் கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின், கை இறுக்கத்துக்கு டிசானிடின், சிறுநீர்ப் பிரச்சினைக்கு டாம்சுலோசின். ஒரு மாதமாக, எழுந்து நின்றால் கிறுகிறுக்கிறது என்கிறார். போன வாரம் காலைச் சாப்பாடு முடிந்து எழுந்தவர், சுவரைப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பார். உட்கார வைத்து பி.பி. பார்த்தால் 126/78. "அதான் நார்மலாகிவிட்டதே, மாத்திரையை நிறுத்திவிடு" என்கிறார் பெரியப்பா. நிறுத்த வேண்டாம், பாதியாகவாவது குறைக்கலாமா?

பதில்: நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகப் பாதியாக்கவும் வேண்டாம். ஆனால் கிறுகிறுப்பைப் பொறுத்துக்கொள்ளவும் தேவையில்லை.

அந்த 126/78 மாத்திரை வேலை செய்வதால் வந்த எண். நிறுத்தினால் மறுநாளே ஏறிவிடாது. அம்லோடிபினும் குளோர்தாலிடோனும் உடலில் பல நாள் தங்குபவை. அழுத்தம் மெல்லத்தான் ஏறும். "நிறுத்தி மூன்று நாளாச்சு, ஒன்றும் ஆகவில்லையே" என்று பலர் ஏமாறுவது இதனால்தான். ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு மறுபடி வராமல் தடுப்பதில் பி.பி. கட்டுப்பாட்டுக்கு முக்கியப் பங்கு உண்டு. 2001-ல் வெளியான புராக்ரெஸ் ஆய்வில், ஏற்கெனவே பக்கவாதமோ தற்காலிகப் பக்கவாதமோ வந்த 6,105 பேரை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கவனித்தார்கள். பி.பி. மருந்து எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் மீண்டும் வருவது 28 சதவீதம் குறைந்தது. பெரியப்பாவிடம் இதைச் சொல்லலாம்.

சரி, கிறுகிறுப்பு ஏன்? எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. உடனே ரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயம் வேகமெடுத்து, அழுத்தம் விழாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். வயதும் நாள்கணக்கில் படுத்திருந்ததும் அந்தச் சுதாரிப்பை மந்தமாக்கிவிடும். குழாய்களைத் தளர்த்தும் மருந்துகளும் சேர்ந்தால் அழுத்தம் சட்டென்று சரியும். உட்கார்ந்து எடுத்த எண்ணில் இது தெரியாது. நின்று பார்க்க வேண்டும்.

அதற்கு மேல்கையில் கட்டும் டிஜிட்டல் கருவி போதும். அப்பாவின் இடது கையில், அதாவது பாதிக்கப்படாத கையில் கட்டுங்கள். பலவீனமான, இறுகிய கையில் எண் மாறிக் காட்டலாம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை எடுங்கள். எழுந்து நிற்க வைத்து ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று. நிற்கும்போது கையைத் தொங்க விடாமல் நெஞ்சு உயரத்தில் தாங்கிப் பிடியுங்கள். தொங்கினால் எண் கூடுதலாகக் காட்டி, சரிவே மறைந்துவிடும். ஒருவர் கருவியைக் கவனிக்க, இன்னொருவர் அப்பாவைப் பிடித்திருக்கட்டும். பின்னால் ஒரு நாற்காலி இருக்கட்டும். கண் இருட்டினால் உடனே உட்கார வையுங்கள். அதையும் எழுதி வையுங்கள்.

மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், நிற்கும்போது அழுத்தம் சரிகிறது என்று பொருள். நாடித்துடிப்பையும் குறியுங்கள். அழுத்தம் நன்றாகச் சரிந்தும் துடிப்பு கூடவே இல்லையென்றால், நரம்புகளின் சுதாரிப்பில் கோளாறு இருக்கலாம். துடிப்பு எகிறினால், உடலில் நீர் குறைந்திருக்கலாம். மருத்துவருக்கு இது நல்ல துப்பு. காலை மாத்திரைக்கு முன், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, இரவு படுக்கும் முன் என்று நான்கைந்து நாள் பாருங்கள். சாப்பாட்டுக்குப் பின் ரத்தம் குடலுக்குத் திரும்புவதால் அப்போது சரிவு கூடும். உங்கள் அப்பா தடுமாறியதும் அந்த நேரத்தில்தானே.

இனி மாத்திரைப் பட்டியல். எல்லோரும் பி.பி. மாத்திரையைச் சந்தேகிக்கிறீர்கள், என் கண் முதலில் போவது இரவு மாத்திரைகளில். டாம்சுலோசின் சிறுநீர்ப் பாதையைத் தளர்த்துவதோடு ரத்தக் குழாய்களையும் ஓரளவு தளர்த்தும். டிசானிடினும் பி.பி.யைக் குறைக்கும், தூக்கக் கலக்கமும் தரும். இரண்டும் வெவ்வேறு மருத்துவர்கள் எழுதியவையாக இருந்தால், மொத்தப் பட்டியலையும் யாரும் ஒருசேரப் பார்க்காமல் இருந்திருக்கலாம். இந்த ஒரு மாதத்தில் எது புதிதாகச் சேர்ந்தது, எது அளவு கூடியது என்று சீட்டுகளைப் பாருங்கள். அதற்காக டிசானிடினைத் திடீரென நிறுத்தாதீர்கள், அழுத்தம் எகிறக்கூடும். டாம்சுலோசின் கேப்ஸ்யூலை மெல்லவோ உடைக்கவோ கூடாது. குளோர்தாலிடோன் உப்பையும் நீரையும் வெளியேற்றும். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் குறைந்தாலும் சோர்வும் தள்ளாட்டமும் வரும். அந்தப் பரிசோதனையோடு ஹீமோகுளோபினும் கேளுங்கள். குளோபிடோக்ரெல் எடுப்பவருக்கு மலம் தார்போல் கறுத்தால் உள்ளே ரத்தக் கசிவு இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

மருத்துவர் நேரத்தை மாற்றலாம், காலையில் ஒன்றாக விழும் மூன்று பி.பி. மருந்துகளைப் பிரித்துத் தரலாம், ஒன்றைக் குறைக்கலாம், மாற்றலாம். அது அவர் முடிவு. குளோபிடோக்ரெலையும் அடோர்வாஸ்டாடினையும் மட்டும் இந்தக் குழப்பத்தில் யாரும் விட்டுவிடக் கூடாது.

அதுவரை எழும் முறையை மாற்றுங்கள். படுத்தபடியே பாதங்களை இருபது முறை மேலும் கீழும் அசைக்கட்டும். கால்களைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்காரட்டும். பிறகு பிடித்துக்கொண்டு எழுந்து, நடக்கும் முன் சற்று நிற்கட்டும். இரவில் சிறுநீருக்கு எழுவதுதான் மிக ஆபத்தான நேரம். படுக்கையருகே பாத்திரம் வையுங்கள். வெந்நீர்க் குளியல் குழாய்களை விரியச் செய்யும். மிதமான சூடு போதும், உட்கார்ந்தே குளிக்கட்டும். எழுவதற்குக் கொஞ்சம் முன் ஒன்றிரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தால் அழுத்தம் சற்று ஏறும். ஆனால் இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். உப்பைக் கூட்டுவது அறவே கூடாது.

நின்றால் மட்டும் வந்து, உட்கார்ந்ததும் போய்விடும் கிறுகிறுப்புக்குத்தான் இவ்வளவும். படுக்கையில் புரளும்போது அறையே சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் நின்றால் அது உள்காதுக் கோளாறாக இருக்கலாம். அதற்கு வேறு சிகிச்சை. திடீரென வந்து, உட்கார்ந்தும் போகாத தலைசுற்றலோடு பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, பேச்சு குழறினாலோ, முகம் கோணினாலோ, நேராக நிற்க முடியாவிட்டாலோ பி.பி. பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரத்தை அதிலிருந்துதான் கணக்கிடுவார்கள். விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குளோபிடோக்ரெல் எடுப்பவருக்கு மண்டைக்குள் ரத்தம் கசிந்தால் சில மணி நேரம் கழித்துக்கூடத் தெரியவரலாம்.