ஆம்பூர்க்காரனின் ஓட்டு குரோம் பதனிடலுக்கு

'உலகை மாற்றியும் பாடப்புத்தகத்தில் இடம்பிடிக்காத கண்டுபிடிப்பு எது?' என்பது கேள்வி. நீராவி எஞ்சினுக்கும் பல்புக்கும் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள். தோல் தொழில் ஊரான ஆம்பூரில் வளர்ந்த நான் குரோம் பதனிடலைத்தான் சொல்வேன். அதாவது, பச்சைத் தோலைக் குரோம் உப்பால் அழுகாத தோலாக மாற்றுவது.

அதற்கு முன் பச்சைத் தோலைப் பதனிடப் பெரும்பாலும் ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவைதான். குழிகளில் வாரக்கணக்கில் ஊற வேண்டும். செருப்பின் அடித்தோல் போன்ற தடித்த தோல் என்றால் மாதக்கணக்கு. 1858-லேயே ஜெர்மானியரான நாப் குரோம் உப்பால் தோலைப் பதனிடலாம் என்று எழுதிவிட்டார், யாரும் கண்டுகொள்ளவில்லை. நியூயார்க்கில் சாயத் துறையில் வேலை பார்த்த வேதியியலாளர் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884-ல் காப்புரிமை வாங்கிய பிறகுதான் தொழில் சூடுபிடித்தது. அவரை இதில் இழுத்துவிட்டது பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டும் கார்செட்! அதிலுள்ள எஃகுப் பட்டைகளுக்கு உறை போட்ட தோல் படிகாரத்தில் பதனிட்டது, பட்டை துருப்பிடித்தது. துரு ஏற்றாத தோல் வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டாராம். ஷுல்ட்ஸின் முறை இரண்டு கட்ட வேலை; 1893-ல் மார்ட்டின் டென்னிஸ் என்பவர் அதை ஒரே கட்டமாகச் சுருக்கினார்.

டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், இதன் அருமையைக் கண்ணாலேயே பார்க்கலாம். குரோம் உப்போடு டிரம்மில் சுற்றிய தோல் மறுநாள் வெளிர்நீலமாக வெளியே வரும். 'வெட் ப்ளூ' என்பார்கள். ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, குறுக்குவெட்டில் நீலம் நடுவரை ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் அந்தத் துண்டைக் காகிதத்தில் வைத்து ஓரம் வரைந்துகொண்டு, கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, மறுபடி அதே கோட்டின் மேல் வைப்பார்கள். சுருங்கியிருந்தால் டிரம் இன்னும் ஓட வேண்டும். மரப்பட்டையில் பதனிட்ட தோல் இந்தக் கொதியில் சுருண்டே போகும். தோலிலுள்ள கொலாஜன் என்ற புரத இழைகளைக் குரோம் ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதுதான் வித்தியாசம்.

நம் மாகாணத்துக்கு இது வந்த வழி இன்னும் சுவையானது. 1900-களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சென்னையில் இதை முயன்றபோது அவர் மனதில் இருந்த பயன்களில் ஒன்று, கவலை இறைக்கும் (மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும்) தோல் சால்! ஷூ ஏற்றுமதியெல்லாம் பிற்பாடு.

சரி, டேனரிக் கழிவால் கெட்ட பாலாறு? வேலூர் மக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. டேனரிக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. பழி முழுவதையும் குரோம் மேல் போடுவது எனக்கு ஒப்பவில்லை. கிணறு கரிப்பதில் பெரும்பங்கு, பச்சைத் தோல் அழுகாமலிருக்கத் தடவும் சாதாரண உப்புக்கு. கழிவுநீரில் காரப்பொருள் (அமிலத்துக்கு எதிரானது) சேர்த்தால் குரோம் வண்டலாக இறங்கிவிடும், எடுத்துத் திரும்பவும் பயன்படுத்தலாம். கரைந்த உப்பு அப்படி இறங்காது. அதைப் பிரிக்க ஆர்.ஓ., பிறகு கொதிக்கவைத்து ஆவியாக்குவது என்று போக வேண்டும். பணம் கரைவது அங்கேதான்.