முதலில் ஆறு, பிறகு காடு
(வாசகர் கேள்வி-பதில்: பயணம்)

கேள்வி: இலங்கையில் கித்துல்கல ஆற்றில் ராஃப்டிங் (பாய்ந்தோடும் நீரில் ரப்பர் படகுப் பயணம்) செய்துவிட்டு, சிங்கராஜா மழைக்காட்டையும் வழிகாட்டியுடன் பார்த்துவர விரும்புகிறோம். நான், கணவர், 13 வயது மகள், 64 வயது மாமனார் என நால்வர். பள்ளி விடுமுறையில்தான் வர இயலும். மே மாதம் பொருந்துமா? இரண்டில் எதை முதலில் வைத்துக்கொள்வது?
- வாசகி, திருச்சி

பதில்: மே மாதம் வேண்டாம் அம்மா. தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதும் மலைச்சரிவில்தான் இவ்விரு இடங்களும் இருக்கின்றன. 2016 மே மாதத்தில் கித்துல்கல அமைந்துள்ள அதே கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கப் பகுதியில் பெருமழையைத் தொடர்ந்து மலைச்சரிவே பெயர்ந்து குடியிருப்புகளைப் புதைத்தது. டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களே ஒப்பளவில் மழை குறைந்தவை. அரையாண்டு விடுமுறையில் வர முடிந்தால் நல்லது. கோடை விடுமுறைதான் என்றால் ஏப்ரல் பிற்பாதியைத் தேர்ந்தெடுங்கள். ஏப்ரல் நடுவில் சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு வருவதால் கடைகளும் விடுதிகளும் பாதி மூடியிருக்கும், மீதியில் கூட்டம் நெரியும். பௌர்ணமியான போயா தினமும் அங்கே பொது விடுமுறை. அந்த நாளையும் வார இறுதியையும் தவிர்த்தால் ஆறு உங்களுக்கு ஓரளவு அமைதியாகக் கிடைக்கும். ஏப்ரலில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால் எதையும் காலையிலேயே தொடங்கிவிட வேண்டும்.

ஆற்றை முதலிலும் காட்டைப் பிறகும் வையுங்கள். பல பயணத் திட்டங்கள் இதைத் தலைகீழாகப் போடுகின்றன. சிங்கராஜாவில் அட்டைக்கடி இல்லாமல் திரும்புவது அரிது. ஆற்றுநீரிலும் சேற்றிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். அது உடலுக்குள் நுழைய ஒரு சிறு கீறலோ கடிவாயோ போதும். கேகாலையும் இரத்தினபுரியும் இலங்கையில் எலிக்காய்ச்சல் அதிகம் காணப்படும் மாவட்டங்கள். கால் முழுக்கப் புதுக் கடிவாய்களுடன் ஆற்றில் இறங்குவதைவிட, ஆற்றை முடித்து, குளித்து, ஓய்வெடுத்துக் காட்டுக்குள் போவது அறிவுடைமை. கித்துல்கலவிலிருந்து அவிசாவளை, இரத்தினபுரி, களவானை வழியாகச் சிங்கராஜாவின் குடாவ நுழைவாயிலுக்குச் செல்ல அரைநாளை முழுதாக ஒதுக்குங்கள். மலைச்சாலையில் கிலோமீட்டரை வைத்து நேரம் கணிக்க முடியாது.

கேள்வி: ஏற்பாட்டாளர்கள் பலர் இருக்கிறார்கள். எல்லோரும் "முழுப் பாதுகாப்பு" என்கிறார்கள். நல்லவரை எப்படி இனங்காண்பது? மகளுக்கு நீச்சல் தெரியாது.
- அதே வாசகி

பதில்: விலையைக் கேட்பதற்கு முன், "எந்த நிலையில் பயணத்தை ரத்து செய்வீர்கள்?" என்று கேளுங்கள். ஆற்றங்கரையில் எந்த அடையாளம்வரை நீர் ஏறினால் படகை இறக்கமாட்டோம், ரத்தானால் பணம் எப்படித் திரும்பும் என்று தயங்காமல் சொல்பவரிடம் போங்கள். "நாங்கள் ரத்து செய்வதே இல்லை" என்று பெருமை பேசுபவர் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

இந்தக் கேள்வி கித்துல்கல வழியே ஓடும் களனி கங்கையில் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அங்கே நீரின் அளவு மழையை மட்டும் பொறுத்ததன்று. மஸ்கெலியா, நோர்வுட் தேயிலை மலைகளிலிருந்து இறங்கிவரும் மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா என்னும் இரு சிற்றாறுகள் சேர்ந்தே களனியாகின்றன. அவ்விரண்டின் குறுக்கேயும் மவுசாகலை, காசல்ரீ போன்ற நீர்த்தேக்கங்களும் மின்நிலையங்களும் வரிசையாக உள்ளன. மின்நிலையம் நீரை விடும் நேரத்தைப் பொறுத்தே ஆறு உயரும், தாழும். அன்றைய நீர்விடுப்பு எப்போது என்பதை உங்கள் வழிகாட்டி விசாரித்து வைத்திருக்கிறாரா என்பதே அவருடைய தரத்துக்கு உரைகல்.

கித்துல்கலவின் பாய்ச்சல்கள் வழக்கமான நீரளவில், பாய்ச்சலின் கடுமையை ஒன்று முதல் ஆறு வரை படிகளாகப் பிரிக்கும் உலக அளவுகோலில் இரண்டாம், மூன்றாம் படிகளில் அடங்குபவை. நல்ல வழிகாட்டி இருந்தால் நீச்சல் தெரியாதவரும் போகலாம். மகளின் உயிர்காப்பு அங்கியை நீங்களே சோதியுங்கள்: பட்டைகளை எல்லாம் இறுக்கியபின் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்குங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது அவளுக்குப் பெரிது. நீரில் விழுந்தால் அங்கி மிதக்கும், பிள்ளை நழுவுவாள். தலைக்கவசமும் அப்படித்தான், முன்னும் பின்னும் ஆடக்கூடாது. படகில் மீட்புக் கயிற்றுப் பை இருக்கிறதா, கூடவே மீட்புக்கென ஒரு கயாக் (ஒருவர் துடுப்பிடும் சிறு படகு) வருகிறதா என்றும் பாருங்கள்.

படகில் கட்டளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். "ஃபார்வர்டு", "பேக்", "ஸ்டாப்", "கெட் டவுன்" ஆகியவற்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைக் கரையிலேயே எல்லோரும் ஒருமுறை செய்து பழகுங்கள். விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்களை நீர் ஓடும் திசையில் நீட்டி, பாதங்கள் மேலே தெரியும்படி மிதக்க வேண்டும். ஆழம் குறைவாகத் தெரிகிறதே என்று எழுந்து நிற்க முயல்வதுதான் பெரிய ஆபத்து: பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொண்டால் பின்னால் வரும் நீர் ஆளை முகங்குப்புறச் சாய்த்துவிடும். இதை மகளிடம் வீட்டிலேயே சொல்லிவையுங்கள்.

கேள்வி: மாமனார் இதய நோய்க்காக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொள்கிறார். அவர் என்ன செய்வது?
- அதே வாசகி

பதில்: படகு அவருக்கு வேண்டாம். அடிபட்டால் இரத்தம் நிற்பது கடினம். காட்டுக்கு வருவதற்கும் மருத்துவரின் சம்மதம் வேண்டும். அட்டை தன் உமிழ்நீரில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளைச் செலுத்துவதால் நலமான உடலிலேயே கடிவாய் நெடுநேரம் கசியும். அவருக்கு இன்னும் நீளும். முழங்கால்வரை ஏறும் நெருக்கமான துணியாலான அட்டைக் காலுறை எல்லோருக்கும் வாங்குங்கள். ஒட்டிய அட்டையைச் சுடாமல், உப்புத் தூவாமல், நகத்தால் மெல்ல நெம்பி எடுத்து, சோப்பிட்டுக் கழுவி, அழுத்திப் பிடித்தால் போதும்.

மருத்துவர் சம்மதித்தால் குடாவ வழி அவருக்கு ஏற்றது. சிங்கராஜாவில் 1970களில் ஒட்டுப்பலகைக்காக மரம் வெட்டினார்கள். எதிர்ப்பு வலுத்து 1977-இல் வெட்டு நின்றது, 1988-இல் அது யுனெஸ்கோ உலக மரபிடமாயிற்று. அன்று மரம் ஏற்றிய லாரிப் பாதையே இன்று நடைபாதை என்பதால் ஏற்றம் கடுமையாக இராது. வனத் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டும் வழிகாட்டியும் கட்டாயம். அதைச் சுமையாக எண்ணாதீர்கள். இக்காட்டில் பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாகச் சேர்ந்து இரைதேடி நகர்கின்றன. தவிட்டுக்குருவிகளின் சலசலப்பையும் கரிச்சானின் குரலையும் வைத்துக் கூட்டம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று வழிகாட்டி அறிந்து, உங்களைச் சரியான வளைவில் நிறுத்துவார். தனியே நடந்தால் காலையெல்லாம் இலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடும். அவருடன் நின்றால் இலங்கைக்கே உரிய செம்முகப் பூங்குயிலையும் காண வாய்ப்புண்டு.

கேள்வி: பயணக் காப்பீடு எடுத்திருக்கிறோம். அது போதுமா?
- அதே வாசகி

பதில்: சாகச விளையாட்டுகளைப் பல காப்பீடுகள் விலக்கி வைக்கின்றன. ராஃப்டிங் உட்பட்டதா, எந்தப் படிவரை என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்; மாமனாரின் நோயையும் மறைக்காமல் குறிப்பிடுங்கள். ஊர் திரும்பிய ஒரு மாதத்துக்குள் யாருக்காவது காய்ச்சலும் கடுமையான தசைவலியும் வந்தால், இலங்கையில் ஆற்றில் நனைந்ததை மருத்துவரிடம் முதல் வரியாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்றே எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். எலிக்காய்ச்சலுக்குத் தொடக்கத்திலேயே மருந்து தந்தால்தான் சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்படாமல் காக்கலாம்.