மார்கழி, தை நாட்களில் யார் பிறந்தார், என்ன நடந்தது: கேள்வி பதில்

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை எந்த நாளில் எந்தப் பாட்டுக்காரர் பிறந்தார், நம் ஊரில் என்ன நடந்தது என்று கேளுங்கள் என பிரிக்ஃபீல்ட்ஸ் இசை நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். பினாங்கிலிருந்தும் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஒரு தேதியை மேடையில் சொல்லும் முன், அது எப்படிக் கிடைத்த தேதி என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இதைத்தான் நான் எப்போதும் கேட்டுக்கொள்வது. கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றியே.

செந்தூலிலிருந்து ஓர் அக்கா: டிசம்பர் 16 பீத்தோவன் பிறந்தநாள் என்று மகளின் பியானோ டீச்சர் சொல்கிறார். சில இடங்களில் 17 என்று போட்டிருக்கிறது. எதை எழுதுவது?

அக்கா, ஆவணத்தில் இருப்பது 17தான். ஆனால் அது அவர் பிறந்த நாள் இல்லை, ஞானஸ்நானம் பெற்ற நாள். ஜெர்மனியின் பான் நகரத் தேவாலயப் பதிவேட்டில் 1770 டிசம்பர் 17 என்று இருக்கிறது. பிறந்து ஒரு நாளுக்குள் ஞானஸ்நானம் கொடுத்துவிடுவது அந்தக் கால வழக்கம். அதனால் முதல் நாள் பிறந்திருப்பார் என்று கணக்குப் போட்டு 16 என்கிறார்கள். நியாயமான கணக்குதான், ஆனாலும் கணக்குதான்.

இதைவிடச் சுவையான விஷயம், தான் பிறந்த ஆண்டையே பீத்தோவன் ஒத்துக்கொள்ளவில்லை என்பது. அவருக்கு முன் அதே லுட்விக் என்ற பெயரில் ஓர் அண்ணன் 1769இல் பிறந்து சில நாட்களிலேயே இறந்துபோனான். 1810இல் தன் ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்து அனுப்பும்படி பழைய நண்பர் ஒருவருக்கு எழுதியபோது, அண்ணனுடையதை எடுத்துவிடாதே என்று எச்சரித்தார். 1770 என்று போட்ட சான்றிதழ் வந்தும் அவர் மனம் மாறவில்லை. தான் 1772இல் பிறந்ததாகவே நம்பினார். நம் தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இறந்துபோன பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைத்த வீடுகளும், நாள் கழித்துத் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் போய்ச் சொன்ன தேதியே பிறந்த தேதியாக நிலைத்துவிட்ட பெரியவர்களும் நம்மிடையே எத்தனை பேர்!

என்னைக் கேட்டால், மகள் டிசம்பர் 22ஆம் தேதி வாசிக்கட்டும். அந்த நாளில் சந்தேகமே இல்லை. 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில், குளிரில் நடுங்கும் அரங்கில், ஏறக்குறைய நான்கு மணி நேரக் கச்சேரி. ஐந்தாம் சிம்பொனி, ஆறாம் சிம்பொனி இரண்டும் அன்றுதான் முதன்முதலாகப் பொதுமக்கள் முன் ஒலித்தன. ஒத்திகை போதாமல் கடைசி உருப்படி நடுவில் நின்றுபோக, மறுபடி தொடங்கினார்கள். உலகம் முழுவதும் தெரிந்த அந்த நான்கு ஸ்வர ஆரம்பம் அப்படியொரு குளிர் இரவில் பிறந்தது.

பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு தம்பி: ஜனவரி 6 ஏ.ஆர். ரஹ்மான் பிறந்தநாளுக்குப் பாட்டு நிகழ்ச்சி வைக்கிறோம். அது தியாகராஜர் சமாதியான நாள் என்று அப்பா சொல்கிறார். உண்மையா?

உண்மைதான் தம்பி. ரஹ்மான் பிறந்தது 1967 ஜனவரி 6, சென்னையில். தியாகராஜர் திருவையாற்றில் மறைந்தது 1847 ஜனவரி 6. சரியாக 120 ஆண்டு இடைவெளி.

ஆனால் அவர் நினைவு இசை விழாவான ஆராதனை ஜனவரி 6ஆம் தேதியில் நடப்பதில்லை. அது திதியைப் பார்த்து வரும்: புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது புஷ்ய மாதத்துத் தேய்பிறை ஐந்தாம் நாள். 2024இல் அது ஜனவரி 30, 2025இல் ஜனவரி 18. ஆகவே உங்கள் நிகழ்ச்சிக்கும் ஆராதனைக்கும் மோதல் வருவது அபூர்வம். அப்பாவிடம் சொல்லுங்கள்.

ஒரு யோசனை. நிகழ்ச்சியைத் தியாகராஜரின் பஞ்சரத்ன கீர்த்தனை ஒன்றோடு தொடங்கலாமே. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்களில் ஐந்து. நாட்டை மட்டும் போதும், உட்கார்ந்திருப்பவர்கள் நிமிர்ந்துவிடுவார்கள். அப்புறம், தியாகராஜர் பெயரைச் சொல்கிற மேடையில் பெங்களூர் நாகரத்தினம்மாள் பெயரையும் தயவுசெய்து சொல்லுங்கள். கவனிப்பாரற்றுக் கிடந்த சமாதிக்கு 1920களில் தன் சொத்தைக் கொட்டிக் கோயில் எழுப்பியவர் அவர். பெண்கள் பாடக்கூடாது என்று ஒதுக்கிவைத்திருந்த ஆராதனையில் பெண்களுக்கு இடம் வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அந்தச் சமாதிக்கு எதிரிலேயே அவருக்கும் சமாதி இருக்கிறது. ஆராதனை தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு இவரைத் தெரியவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

காஜாங்கிலிருந்து ஜாதகம் கணிக்கும் ஒரு நண்பர்: 1981 டிசம்பர் 31 இரவு 11.45க்குப் பிறந்ததாக ஒருவர் வந்து நிற்கிறார். எப்படிக் கணிப்பது?

மலேசியத் தீபகற்பத்தில் அப்படி ஒரு நேரமே இருக்கவில்லை. சபா, சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வருவதற்காக அன்று இரவு 11.30 ஆனதும் கடிகாரத்தை நள்ளிரவு 12க்குத் தள்ளிவைத்தார்கள். அந்த அரை மணி நேரம் பினாங்கிலும் இல்லை, கோலாலம்பூரிலும் இல்லை. கடிகாரத்தை மாற்றாத யாரோ பழைய கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அப்படியானால் புதிய கணக்கில் அவர் பிறந்தது 1982 ஜனவரி 1, அதிகாலை 12.15. பத்திரத்தில் எந்தத் தேதி என்று முதலில் கேளுங்கள்.

அதற்கு முன் பிறந்தவர்களுக்கு, போர்க்காலத்தை விட்டுவிட்டால், 1941 செப்டம்பர் வரை பின்னோக்கிக் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னால் என்றே வைத்துக் கணிக்க வேண்டும். எட்டு மணி நேரம் என்று போட்டால் லக்கினமே மாறிவிடக்கூடும். பினாங்கில் இன்று சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்கு என்பதும் இந்த மாற்றத்தின் விளைவுதான்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு பெரியவர்: என் அண்ணனின் பிறப்புப் பத்திரத்தில் 2603 என்று ஆண்டு போட்டிருக்கிறது. அச்சுப் பிழையா?

பிழை இல்லை ஐயா. அது ஜப்பானிய ஆண்டுக் கணக்கு. 660ஐக் கழியுங்கள், 1943 வரும். ஆக்கிரமிப்புக் காலத்தில் ஆண்டை மட்டுமல்ல, கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள். ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடியது. பத்திரத்தில் பிறந்த நேரமும் இருந்தால் அதையும் நினைவில் வையுங்கள். அந்தப் பத்திரத்தைக் கசங்காமல் பாதுகாத்து, பேரப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சயாம் ரயில் பாதைக்கு நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்ட ஆண்டு அது.

ரவாங்கிலிருந்து ஒரு மாணவி: போர் தொடங்கியது டிசம்பர் 7 என்று ஒரு புத்தகம், 8 என்று இன்னொன்று. எது சரி?

இரண்டும் சரி, தங்கச்சி. 1941இல் ஹவாயில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டபோது அங்கே 7ஆம் தேதி காலை. அதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பானியர் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் நம் பக்கம் அப்போது 8ஆம் தேதி பிறந்திருந்தது. ஆக, தேதியில் நாம் ஒரு நாள் பின், நேரத்தில் ஒரு மணி முன்.

அடுத்த நாட்களையும் குறித்துக்கொள்: டிசம்பர் 11 ஜார்ஜ்டவுன் மீது குண்டு வீச்சு. டிசம்பர் 19 ஜப்பானியர் பினாங்கைப் பிடித்தார்கள். 1942 ஜனவரி 11 கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15 சிங்கப்பூர். இத்தனை வேகமாக ஒரு தீபகற்பம் கைமாறியிருக்கிறது. டிசம்பர் 11 பாரதி பிறந்த நாளும் (1882), எம்.எஸ். சுப்புலட்சுமி மறைந்த நாளும் (2004) ஆகும். பள்ளியில் பேசக் கிடைத்தால் பினாங்கில் குண்டு விழுந்ததையும் சேர்த்துச் சொல்.

கிள்ளானிலிருந்து: டிசம்பர் 24 அன்று வானொலியில் எம்.ஜி.ஆர். பாட்டு ஓடுகிறது. வேறு யாருக்காவது உரிய நாளா அது?

எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24. பெரியார் மறைந்ததும் அதே தேதி, 1973இல். 1929இல் பெரியார் பினாங்கில் வந்து இறங்கியதை நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதே டிசம்பர் 24 முகமது ரஃபி பிறந்த நாளும்கூட: 1924, பஞ்சாபில். அடுத்த நாள் 25, நௌஷாத் பிறந்தநாள் (1919). ரஃபியின் குரலை எந்த உயரத்துக்குக் கொண்டுபோகலாம் என்று கண்டுபிடித்தவர்களில் நௌஷாத் முதல் வரிசை. கிறிஸ்துமஸ் முன்னிரவில் இவர்கள் இருவரையும் அடுத்தடுத்துக் கேட்பது என் வழக்கம். எம்.ஜி.ஆருக்கு ஜனவரி 17 இருக்கிறது, பிறந்த நாள் (1917). அன்று அவர் பாட்டை வைத்தால் வீடு கலகலப்பாக இருக்கும்.

பங்சாரிலிருந்து: எல்விஸ் பிரெஸ்லியும் டேவிட் போவியும் ஒரே நாளா?

ஆமாம், ஜனவரி 8. எல்விஸ் 1935, போவி 1947. போவி தன் 69ஆம் பிறந்தநாளில் கடைசி இசைத்தொகுப்பை வெளியிட்டு, இரண்டு நாள் கழித்து, 2016 ஜனவரி 10 அன்று மறைந்தார்.

ஆயர் ஈத்தாமிலிருந்து ஓர் அம்மா: பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் டிசம்பர் 21, 22 வாக்கில் மாவு உருண்டை செய்து குளிர்காலத் திருநாள் என்கிறார்கள். நமக்கு உத்தராயணம் பொங்கலன்றுதானே?

அவர்கள் கொண்டாடுவது சூரியன் தென்கோடிக்குப் போய்த் திரும்பும் நாள். வானில் உண்மையாகவே திருப்பம் நிகழ்வது அன்றுதான். நமது தை 1, சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நாள். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. நட்சத்திரங்களை வைத்து அளக்கும் ஆண்டு, பருவங்களை வைத்து அளக்கும் ஆண்டைவிட ஏறக்குறைய 20 நிமிடம் நீளம். அந்த 20 நிமிடம் சேர்ந்து சேர்ந்து 70 சொச்சம் ஆண்டுக்கு ஒரு நாளாகி, இன்று மூன்று வாரத்துக்கு மேல் பிரிந்து நிற்கின்றன. தை 1 இன்னும் மெல்லத் தள்ளிப்போய்க்கொண்டுதான் இருக்கிறது. இந்த ஊரில் பனியும் இல்லை, குளிரும் இல்லை. ஆனாலும் இரண்டு சமூகமும் சூரியனைக் கணக்கு வைத்து அரிசி மாவும் பச்சரிசியும் வேகவைப்பது எனக்கு மிகவும் பிடித்த காட்சி.

செத்தாப்பாக்கிலிருந்து: மாநகர் ஆனதில் கோலாலம்பூர்தானே முந்தியது?

இல்லை, பினாங்குக்காரர்களுக்கு விட்டுக்கொடுங்கள். ஜார்ஜ்டவுன் 1957 ஜனவரி 1 அன்று, சுதந்திரத்துக்கு எட்டு மாதம் முன்பே மாநகரானது. கோலாலம்பூர் 1972 பிப்ரவரி 1. கூட்டரசுப் பிரதேசம் ஆனது அதே தேதியில் 1974இல்.

தண்ணீர்மலை அடிவாரத்தில் தண்ணீர்ப் பந்தல் போடும் இளைஞர்கள்: தைப்பூசத்தையொட்டி பக்திப் பாட்டுக்காரர்கள் யாருடைய பிறந்தநாளாவது வருகிறதா?

சீர்காழி கோவிந்தராஜன், ஜனவரி 19, 1933. இவரை விட்டால் தைப்பூசப் பந்தலுக்கு வேறு யார்? அவருக்கு முன், ஜனவரி 10 அன்று யேசுதாஸ் (1940, ஃபோர்ட் கொச்சி). அவர் பல ஆண்டுகளாகத் தன் பிறந்தநாளைக் கொல்லூர் மூகாம்பிகை கோயிலில் பாடியே கழித்துவந்தார்.

தைப்பூசம் மட்டும் ஆங்கிலத் தேதிக்குக் கட்டுப்படாது. 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11. நாள் பார்க்கும்போது தமிழ்நாட்டு நாட்காட்டியில் திதி, நட்சத்திரம் முடியும் நேரத்தோடு இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். நள்ளிரவை ஒட்டி வந்தால் நாளே மாறிவிடும். ராகு காலத்துக்கு இந்தக் கூட்டல் வேண்டாம். அது நம் ஊர்ச் சூரிய உதயத்திலிருந்து கணக்கிட வேண்டியது, ஜனவரியில் பினாங்கில் விடிவதே ஏழரை மணியை ஒட்டித்தான். பந்தலில் சீர்காழி பாட்டை விடியும் முன் வைத்தால் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், மலையேறுகிறவர்களின் வேல் முழக்கமும் கேட்கட்டும்.