பாட்டியைக் கேட்டீர்களா?

அன்புள்ள அம்மா,

எனக்கு 34 வயது. என் அப்பாவைப் பெற்ற பாட்டியின் தகப்பனார், தோட்டத்துக்கு ஆள் திரட்டும் கங்காணி மூலமாக, இங்கே மலேசியாவில் கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். எந்த ஊரிலிருந்து என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பாட்டிக்கு 87 வயது. கேட்டால், "அதெல்லாம் எதுக்குடா" என்று முடித்துவிடுவார். போன மாதம் எச்சிலைத் தபாலில் அனுப்பி டிஎன்ஏ சோதனை செய்தேன். தென்னிந்தியா, இலங்கை 97 சதவீதம் என்று வந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பெண்மணியை எள்ளுத்தாத்தா வழி உறவு என்று காட்டுகிறது. நம்பலாமா? இதை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா? சாதி தெரியுமா?

ச., சுங்கைப்பட்டாணி

அன்புள்ள ச.,

'வீட்டில் யாருக்கும் தெரியவில்லை' என்று ஒரு வரி. தோட்டத்துக்கு வந்தவருடைய சொந்த மகள் அதே வீட்டில் இருக்கிறார் என்று அடுத்த வரி. எழுதும்போது கை நிற்கவில்லையா தம்பி? போகிற போக்கில் ஒரு முறை கேட்டிருப்பீர்கள். அப்புறம் குழாயில் துப்பித் தபாலில் அனுப்பிவிட்டீர்கள்.

அந்த 97 சதவீதத்தை விடுங்கள். இன்று வாழ்கிறவர்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பீடு அது. நிறுவனம் மாதிரித் தொகுப்பை மாற்றினால் எண்ணும் மாறும்.

டர்பன் பெண்மணிக்குக் கட்டாயம் எழுதுங்கள். ஆனால் உறவின் தூரத்தை அப்படியே நம்பாதீர்கள். ஒருவருக்குக் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி என்று எட்டுப் பேர் என்பது பொதுக் கணக்கு. அத்தை மகனும் மாமன் மகளும் கட்டிக்கொண்டால் அவர்கள் பிள்ளைக்கு அந்த எட்டு, ஆறாகிவிடும். தலைமுறை தலைமுறையாக முறைப்பெண் கட்டிய குடும்பங்களில் தூரத்துச் சொந்தமும் கிட்டத்துச் சொந்தம் போலத் தெரியும். டர்பன் பெண்மணி பக்கம் ஒரு வசதி இருக்கிறது. 1860 முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேருக்கும் கப்பல் பட்டியல் உண்டு. ஆளுக்கொரு எண், தகப்பன் பெயர், ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதி வைத்தார்கள். அவர் முன்னோரின் எண் கிடைத்தால் ஒரு ஊர்ப்பெயர் கிடைக்கலாம். கங்காணி வழியாக மலாயா வந்தவர்களுக்கு அப்படியொரு பட்டியல் எளிதில் கிடைக்காது.

சாதி பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அதிலிருந்து தப்பிக்கவே கப்பல் ஏறியவர்கள் எத்தனையோ பேர். அது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயம்வரை துரத்திக்கொண்டு வந்தது. பாட்டி "எதுக்குடா" என்றது மறதியில் சொன்னதுதான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? ஊரில் ஒரு குடும்பத்தை விட்டுவந்து தோட்டத்தில் இன்னொரு குடும்பம் கண்ட ஆண்களும் உண்டு. தன் அப்பாவின் மானத்தை அவர் காத்துக்கொண்டிருக்கலாம். முதலில் அதற்கு மரியாதை கொடுங்கள்.

அறிவியலாகவே பேசுவோம். கொள்ளுத்தாத்தாவிடமிருந்து உங்களுக்கு வந்திருப்பது சராசரியாக எட்டில் ஒரு பங்கு. பாட்டிக்கு வந்திருப்பது சரிபாதி. சோதனைக்கே உங்களைவிட அவர்தான் பொருத்தமானவர், அவர் மனதார சம்மதித்தால். ஆனால் நான் சொல்வது எச்சிலை அல்ல, பேச்சை. போனை நீட்டிப் பேட்டி எடுக்காதீர்கள். அவர் கீரை ஆயும்போது பக்கத்தில் உட்காருங்கள். ஊரைக் கேட்காதீர்கள், அவருடைய அப்பாவைப் பற்றிக் கேளுங்கள். முதல் மொட்டை எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டார்கள்? காது குத்தும்போது யார் பெயரைச் சொல்லிக் கும்பிட்டார்கள்? குலதெய்வத்தின் பெயர் கிடைத்தால் பாதி ஊர் கிடைத்த மாதிரி. நம் ஐயனார்களில் பலருக்கு ஊரோடு ஒட்டிய பெயர்தான். லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் யார் என்றும் கேளுங்கள். கங்காணிகள் பெரும்பாலும் தங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும்தான் ஆள் திரட்டினார்கள். அந்தக் குடும்பங்களில் ஒன்றுக்கு ஊர் ஞாபகம் இருக்கலாம்.

நான் இவ்வளவு கோபப்படுவதற்குக் காரணம் உண்டு. என் அப்பாயிக்கு ஊர் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, திருப்பூண்டிப் பக்கம். 1936-இல் அவள் அண்ணன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் போரில் மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்துவிட்டான். ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்கு இழுத்துப் போனார்களோ, தோட்டத்திலேயே காய்ச்சலில் போனாரோ, ஒன்றும் தெரியாது. ஆடி அமாவாசைப் படையலில் அவருக்கு இலை போட அப்பாயி கடைசிவரை விடவில்லை. போட்டால் செத்துப்போனதாக ஆகிவிடுமே. அவர் இருந்த தோட்டத்தின் பெயரை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கையில் பேனா இருந்தது, நோட்டு இருந்தது, அந்த ஒரு பெயரை எழுதி வைக்கவில்லை. கிழவி புலம்புகிறாள் என்று நினைத்தேன். கடிதங்களை வெள்ளம் கொண்டுபோனது, அவளும் போய்விட்டாள். 'பாடாங்' என்று ஒரு சொல் மட்டும் காதில் நிற்கிறது. கெடாவில் பாடாங் செராய் இருக்கிறது, பாடாங் மெஹா இருக்கிறது, இன்னும் எத்தனையோ பாடாங் இருக்கின்றன. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன், அவள் குரலில் ஏதாவது ஒன்று ஒட்டுமா என்று.

உங்களிடம் தோட்டம் இருக்கிறது, ஊர் இல்லை. என்னிடம் ஊர் இருக்கிறது, தோட்டம் இல்லை. பாட்டியிடம் பேசும்போது எனக்காகவும் ஒரு வார்த்தை கேளுங்கள். திருப்பூண்டிப் பக்கத்து ஆள், வலது புருவத்தில் அரிவாள் பட்ட தழும்பு, கூத்துப் பாட்டு நன்றாகப் பாடுவார். பாட்டி சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்படி ஒருவரைப் பார்த்திருக்கிறாரா என்று.