குத்துவிளக்கின் ஐந்து முகங்கள் எதைக் குறிக்கின்றன? விளக்கேற்றுவதன் உண்மையான பொருள் என்ன?

ஐந்து முகத்துக்கு ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அன்பு, மனஉறுதி, நிதானம், சமயோசிதம், சகிப்புத்தன்மை என்று பெண்ணுக்கு வேண்டிய ஐந்து குணங்களைச் சொல்வார்கள். ஐம்புலன் என்பார்கள், ஐம்பூதம் என்பார்கள். அடி பிரமன், தண்டு திருமால், அகல் உருத்திரன் என்பதும் பரவலாக வழங்குகிறது. மனசுக்கு நிறைவாக இருந்தால் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பட்டியல் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. சகிப்புத்தன்மையை வீட்டுப் பெண்ணின் கணக்கில் மட்டும் எழுதுவது என்ன நியாயம்?

விளக்கு எதைக் குறிக்கிறது என்று என்னைக் கேட்டால், கொடுத்த வாக்கை என்பேன். அணையாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் இன்னொருவருக்காக ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு. இது நானாகச் சொல்வதில்லை, சோழர் காலக் கோயில் சுவர்களில் வெட்டியே வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சுவர்களில் திரும்பத் திரும்ப வரும் கொடை நந்தா விளக்கு. நொந்தா விளக்கு என்றும் எழுதியிருப்பார்கள். இரவும் பகலும் எரிய வேண்டியது. பொன்னாகக் கொடுத்தவர்களும் உண்டு, ஆனால் ஆடாகக் கொடுத்தவர்கள்தான் ஏராளம். ஒரு விளக்குக்கு 96 ஆடு, சில ஊர்களில் 90. பசுவாகக் கொடுத்தால் பல இடங்களில் 32. தஞ்சைப் பெரிய கோயில் கணக்கில் 96 ஆட்டுக்கு ஈடு 48 பசு அல்லது 16 எருமை. அவற்றை ஓர் இடையர் பொறுப்பேற்று ஓட்டிப் போவார். பதிலுக்குத் தினமும் ஓர் உழக்கு நெய், அதாவது கால் நாழி, கோயிலில் கொண்டுவந்து அளக்க வேண்டும். இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு வைத்திருக்கும் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு சாகும், கிழடும் ஆகும். ஆனால் குட்டிகளை வளர்த்து நிரப்பிக்கொண்டே போவதால் மந்தை குறையாது, குறையவும் விடக்கூடாது. அந்த இடையர் காலத்துக்குப் பிறகு அவர் பிள்ளை அளப்பார், பிறகு பேரன். சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்றுதான் எழுதி முடிப்பார்கள். எரிகிற சுடரைத்தான் நாம் பார்க்கிறோம். அதற்குப் பின்னால் ஒரு மந்தையும், அதை மேய்க்கும் ஒரு குடும்பமும், மேய்ச்சலுக்குக் கொஞ்சம் காடும் இருந்திருக்கின்றன.

என்னை ரொம்பவும் பாதித்தவை வேட்டைக் கல்வெட்டுகள். மிருகம் என்று நினைத்து எய்த அம்பு மனிதன் மேல் பாய்ந்து அவன் இறந்துபோகிறான். ஊரார் கூடி விசாரிக்கிறார்கள். வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரிகிறது. எய்தவனின் உயிரை எடுக்காமல், செத்தவனுக்காகக் கோயிலில் விளக்கு எரிக்கும்படி தீர்ப்புச் சொல்கிறார்கள். இப்படிப் பல ஊர்களில் இருக்கின்றன. போன உயிரைத் திருப்பித் தர முடியாது, ஆனால் அவனை ஊர் மறக்காமல் இருக்க அன்றாடம் ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருக்கும். தண்டனையை இவ்வளவு மனிதத்தன்மையோடு யோசித்தவர்கள் என்று நினைக்கும்போதே நெஞ்சு நிறைகிறது.

வீட்டிலும் இதே பொருள்தான் என்பது எங்கள் அப்பத்தா தவறிய ராத்திரி எனக்குத் தெரிந்தது. தலைமாட்டில் படி நெல் வைத்து, பக்கத்தில் ஒற்றைத் திரி விளக்கு. பெரியப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சுடர் மங்கும்போதெல்லாம் ஒரு குச்சியால் திரியின் கருகிய நுனியைத் தட்டிவிட்டு, இரண்டு நூல் அளவு முன்னால் இழுத்து, கிண்ணத்திலிருந்து எண்ணெய் விடுவார். அவர் எழுந்து போனால் சித்தப்பா வந்து அதே இடத்தில் உட்காருவார். யாரும் யாரிடமும் முறை சொல்லி அனுப்பவில்லை. புகுந்த வீட்டில் காலடி வைத்த அன்று அப்பத்தா செய்த முதல் வேலையும் விளக்கேற்றியதுதான்.

நேரம் தவறாமல் ஏற்ற வேண்டும் என்ற அக்கறையும் புதிதல்ல. சங்க இலக்கியமான நெடுநல்வாடையில் ஒரு காட்சி. மழை மூடிக்கிடக்கிறது, பொழுது போனதா இல்லையா என்று தெரியவில்லை. பெண்கள் பூந்தட்டில் பிச்சி அரும்புகளை வைத்திருக்கிறார்கள். இதழ் விரிந்து மணம் வந்ததும் மாலையாகிவிட்டது என்று அறிந்து, இரும்பு விளக்கில் ஈரத்திரி கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கும்பிடுகிறார்கள். சூரியன் தெரியாத நாளிலும் விளக்குக்கான வேளையை விட்டுவிடவில்லை, பாருங்கள்.

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலில் 1853ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பாவை விளக்கு உண்டு. தஞ்சை மராத்திய அரச குடும்பத்துப் பெண் அம்முனுபாய், தான் விரும்பியவரை மணந்தால் லட்ச விளக்கு ஏற்றுவதாக நேர்ந்துகொண்டாள். மணம் நடந்தது. வேண்டுதலை நிறைவேற்றியவள், அந்த விளக்குகளில் ஒன்றாகத் தன் உருவத்தையே வார்க்கச் செய்தாள். கையில் அகல் ஏந்தி நிற்கும் பெண் அவளேதான்.

ஆகவே ஐந்து முகமும் ஏற்ற முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். ஒற்றைத் திரி போதும், சுத்தமான எண்ணெய் போதும். பழைய சோழர் கோயில் ஏதாவது பக்கத்தில் இருந்தால், சுவாமி கும்பிட்டுவிட்டு வெளிச்சுவரைச் சுற்றி வாருங்கள். எழுத்துகளுக்கு நடுவே ௯௰௬ என்று தெரிந்தால் அது 96. பெரும்பாலும் அருகிலேயே விளக்கைப் பற்றிய வரியும் கொடுத்தவர் பெயரும் இருக்கும். நெய் அளக்க ஒப்புக்கொண்ட இடையரின் பெயரும் பல இடங்களில் இருக்கும், அதையும் தேடிப் படியுங்கள்.